கம்பத்தில் சாய்ந்து நிற்க ஒரு கயிறு: பொசிஷனிங் லேன்யார்டு எப்படி வேலை செய்கிறது?

மின்கம்பத்தின் உச்சியில் ஒரு இன்சுலேட்டரை மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். போல்ட்டின் தலையை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு நட்டை இன்னொரு ஸ்பேனரால் திருப்ப வேண்டும். அதற்கே இரண்டு கையும் போய்விட்டது. அப்புறம் கம்பத்தை எதைக் கொண்டு பிடிப்பது? முழங்கையைக் கம்பத்தில் கோத்து, உடம்பை ஒருபக்கமாக ஒடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்ப்பவர்களை நம் தெருக்களிலேயே பார்த்திருக்கிறோம். பத்து நிமிடத்தில் அந்தக் கை மரத்துப்போகும். மரத்துப்போன கையை நம்பித்தான் மிச்ச வேலையும் நடக்கும்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க வந்ததுதான் பொசிஷனிங் லேன்யார்டு. இடுப்பின் ஒரு பக்கத்தில் மாட்டி, கம்பத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, இடுப்பின் மறுபக்கத்தில் மாட்டும் ஒரு கயிறு. நீளத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். மாட்டியபின் பின்னால் சாய்ந்தால் கயிறு இறுகி உடம்பைத் தாங்கும். காலால் கம்பத்தை உதைத்துக்கொண்டு நிற்கலாம். இரண்டு கையும் வேலைக்குக் கிடைத்துவிடும்.

பார்க்க எளிமையான சாமான். ஆனால் உயரத்தில் வேலை செய்கிறவர்களிடம் இதைப் பற்றித்தான் அதிகக் குழப்பம் இருக்கிறது. ‘பெல்ட் போட்டிருக்கேன், கயிறு மாட்டியிருக்கேன், விழுந்தா பிடிச்சுக்கும்’ என்று நினைக்கிறார்கள். இந்தக் கயிறு விழுகிறவரைப் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டது அல்ல. நிற்கிறவரை நின்ற இடத்திலேயே நிறுத்தி வைப்பதற்காகச் செய்யப்பட்டது. இந்த ஒரு வேறுபாடு புரிந்துவிட்டால் மற்ற விதிகளை மனப்பாடம் செய்யவே வேண்டாம், தானாக வந்துவிடும். அதனால் இந்தக் கட்டுரையில் அதற்கே அதிக இடம் கொடுக்கப்போகிறேன்.

கயிற்றில் என்னென்ன இருக்கிறது

நடுவில் கயிறு. பெரும்பாலும் 11 அல்லது 12 மில்லிமீட்டர் தடிமன். உள்ளே நூல்கட்டுகளால் ஆன மையம், வெளியே பின்னப்பட்ட ஓர் உறை. பாரத்தைப் பெரும்பகுதி தாங்குவது உள்ளே இருப்பது. உறை அதை உராய்விலிருந்து காப்பாற்றுகிறது. ஒரு நுனியில் தைத்த வளையமும் அதில் ஒரு கொக்கியும் இருக்கும். மறுபக்கத்தில் நீளத்தைச் சரிசெய்யும் பிடி. இந்தப் பிடிக்குள் ஒரு சின்ன நெம்புப்பல் இருக்கிறது. கயிற்றின் மிச்ச நுனியை இழுத்தால் கயிறு சுலபமாக உள்ளே வந்து சுருங்கும். எதிர்ப்பக்கம் பாரம் விழுந்தால் பல் கயிற்றைக் கவ்விக்கொள்ளும். நீட்ட வேண்டுமானால் பல்லைக் கையால் விடுவிக்க வேண்டும். நல்ல பிடிகளில் உடம்பின் பாரம் கயிற்றில் இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக நீட்ட முடியும். மலிவானவற்றில் முதலில் கம்பத்தைக் கட்டிப்பிடித்துப் பாரத்தைக் குறைத்தால்தான் நகரும். வாங்கும்போது விலையைவிட இதைத்தான் பார்க்கச் சொல்வேன். மேலே நின்றுகொண்டு சரிசெய்ய முடியாத பிடியை யாரும் சரிசெய்யமாட்டார்கள், தொளதொளவென்றே விட்டுவிடுவார்கள்.

கயிற்றின் மேல் நகர்த்தக்கூடிய ஒரு குழாய் உறையும் இருக்கும். கம்பத்தில் உரசும் இடத்தில் அதை வைக்க வேண்டும். நம் ஊர் சிமென்ட் கம்பங்கள் செவ்வக வடிவத்தில் விளிம்போடு இருப்பவை. டவர்களின் கோண இரும்புகளுக்கோ விளிம்பு இன்னும் கூர்மை. உறை இடம் மாறி எங்கேயோ கிடந்தால் அது இருந்தும் பயனில்லை.

இடுப்பில் இரண்டு பக்கமும் டி-ரிங், அதாவது ஆங்கில D எழுத்து வடிவ வளையம், இருக்கும். பழைய காலத்து லைன்மேன் பெல்ட்டில் இடுப்புப்பட்டையிலேயே இவை இருந்தன. இப்போது தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் சுற்றிவரும் முழு உடல் ஹார்னஸில், இடுப்புப் பகுதிக்கு மெத்தை வைத்து, அதில் இந்த இரண்டு ரிங்கையும் வைக்கிறார்கள். முதுகிலும் மார்பிலும் தனியாக வேறு ரிங்குகள் இருக்கும். அவற்றின் வேலை வேறு, பிறகு வருகிறேன்.

சாயும்போது என்ன நடக்கிறது

உங்கள் எடை 80 கிலோ. பாதம் கம்பத்தில் ஊன்றியிருக்கிறது, கயிறு இடுப்பு மட்டத்தில் கம்பத்தைச் சுற்றிக் கிடைமட்டமாகப் போகிறது. நேராக நின்றால் கயிற்றில் பாரமே இல்லை. எல்லா எடையும் காலில். 20 டிகிரி பின்னால் சாய்ந்தால் கயிறு சுமார் 29 கிலோ அளவுக்கு இழுபடும். 30 டிகிரி சாய்ந்தால் சுமார் 46 கிலோ. அந்த இழுவையும் கம்பத்தின் இரண்டு பக்கக் கயிற்றுக்கும் பங்காகிவிடுகிறது, ஒரு பக்கத்துக்கு 23 கிலோ. ஒரு மூட்டை சிமென்ட்டின் பாதிகூட இல்லை.

ஆக, ஒழுங்காகப் பயன்படுத்தும்போது இந்தக் கயிற்றுக்கு வேலை மிகக் குறைவு. ஐரோப்பியத் தரநிர்ணயமான இ.என். 358 இந்த வகைக் கயிறு 15 கிலோநியூட்டன், அதாவது சுமார் ஒன்றரை டன் இழுவையை மூன்று நிமிடம் தாங்க வேண்டும் என்கிறது. 46 கிலோ எங்கே, 1,500 கிலோ எங்கே! இவ்வளவு இடைவெளி இருக்கும்போது விழுந்தாலும் பிடித்துக்கொள்ளாதா என்ற கேள்வி நியாயமாகவே எழும்.

கயிறு அறுந்துவிடும் என்பது பிரச்சினை இல்லை. கயிற்றுக்குள் இருக்கும் மனிதர்தான் பிரச்சினை.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். அதே 80 கிலோ ஆள், கயிற்றைத் தொளதொளவென்று விட்டிருக்கிறார், அல்லது கால் மட்டத்தில் எங்கோ மாட்டியிருக்கிறார். வழுக்கி 1 மீட்டர் விழுகிறார். 1 மீட்டர் விழும்போதே வேகம் மணிக்கு 16 கிலோமீட்டர் ஆகிவிடும். இந்தக் கயிறு அதிகம் நீளாத வகை. நீண்டால் சாய்ந்து நிற்கும்போது ஊஞ்சல் மாதிரி ஆடும் என்பதால் வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். கயிறும் பெல்ட்டும் சதையும் எல்லாம் சேர்ந்து 10 சென்டிமீட்டர் விட்டுக்கொடுத்து நிறுத்துகிறது என்றால், அந்த நொடியில் உடம்பில் விழும் சராசரி விசை எடையைப்போல் 11 மடங்கு. சுமார் 880 கிலோ. உச்சம் அதைவிடவும் கூடும். அதுவும் எங்கே விழுகிறது? இடுப்பின் பக்கவாட்டு ரிங்குகளில். வயிற்றுப் பகுதியை ஒரு பட்டை இறுக்குகிறது, முதுகெலும்பு பக்கவாட்டில் மடங்குகிறது. ஒரு பக்க ரிங் மட்டும் மாட்டியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். கயிறு அறாது, கொக்கி விடாது, ஆள் தரையில் விழவும் மாட்டார். ஆனாலும் உள்ளுறுப்புகளும் முதுகும் சேதமாகியிருக்கும்.

விழுகிறவரைப் பிடிப்பதற்கென்றே செய்த கயிற்றில் ஷாக் அப்சார்பர் என்று ஒரு பொட்டலம் இருக்கும். மடித்துத் தைத்த பட்டை அது. பாரம் வேகமாக விழும்போது தையல் வரிசையாகப் பிரிந்து பட்டை நீளும். அதனால் 10 சென்டிமீட்டரில் நிற்க வேண்டிய உடம்பு ஒரு மீட்டருக்கும் மேல் போய் நிதானமாக நிற்கும். விசை 6 கிலோநியூட்டனுக்குள், அதாவது சுமார் 600 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. அந்த விசையும் முதுகு அல்லது மார்பு ரிங் வழியாகத் தோளுக்கும் தொடைக்கும் பிரிந்து போகும், உடம்பும் நிமிர்ந்த நிலையில் தொங்கும். பொசிஷனிங் கயிற்றில் இந்தப் பொட்டலம் கிடையாது. இருந்தால் அது சரியாகவும் வேலை செய்யாது.

இதனால்தான் அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷா, 1998 ஜனவரி 1 முதல் இடுப்புப் பெல்ட்டை மட்டும் போட்டுக்கொண்டு விழுவதைத் தடுக்கும் ஏற்பாடாகக் கணக்குக் காட்டக்கூடாது என்று கட்டுமான வேலைகளில் நிறுத்திவிட்டது. சாய்ந்து நிற்பதற்கு அதே பெல்ட்டை அனுமதிக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: எந்த நிலையிலும் ஆள் 2 அடிக்கு மேல் விழ முடியாதபடி மாட்டியிருக்க வேண்டும். சுமார் 60 சென்டிமீட்டர். ஐரோப்பிய நடைமுறையும் ஏறக்குறைய இதே அளவைத்தான் சொல்கிறது. இதைவிட அதிகம் விழ வாய்ப்பிருந்தால் அதற்குத் தனிக் கயிறு வேண்டும், தனி ரிங் வேண்டும்.

இந்த 60 சென்டிமீட்டரை டேப் வைத்து யாரும் அளக்கப்போவதில்லை. கயிறு எப்போதும் இறுக்கமாக இருக்கட்டும், சுற்றியிருக்கும் இடம் இடுப்பு மட்டத்திலோ அதற்கு மேலோ இருக்கட்டும். இந்த இரண்டையும் பார்த்துக்கொண்டால் விழ இடமே இருக்காது. மேலே ஓர் அடி ஏறினால் கயிறும் ஓர் அடி மேலே வர வேண்டும். ‘அஞ்சு நிமிஷ வேலைதான்’ என்று கயிறு முழங்கால் மட்டத்தில் இருக்கும்போதே மேலே எட்டிப் பிடிப்பதுதான் நடைமுறையில் நடக்கும் தவறு.

மொட்டைக் கம்பத்தில் கயிறு எதைப் பிடிக்கும்?

கம்பத்தைச் சுற்றிய கயிறு கம்பத்தோடு இருக்கும், கீழே வராது என்று தோன்றும். சாய்ந்திருக்கும்வரை உராய்வு அதைப் பிடித்து வைக்கிறது. கால் வழுக்கி உடம்பு கம்பத்தோடு ஒட்டிவிட்டால் கயிறு தளர்ந்துவிடும். தளர்ந்தால் உராய்வும் போச்சு. கயிறும் ஆளும் சேர்ந்து கம்பத்தோடு உரசிக்கொண்டே கீழே வருவார்கள். வழியில் ஒரு கிராஸ் ஆர்மோ (மின்கம்பிகளைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) கிளாம்ப்போ இருந்தால் அதில் போய் நிற்கும். இல்லையென்றால் தரைதான்.

மரக்கம்பங்கள் அதிகமுள்ள அமெரிக்காவில் லைன்மேன்களுக்கு இதற்கென்றே வேறு மாதிரி கயிறு வந்திருக்கிறது. கம்பத்தைச் சுற்றி வெளியே ஒரு பட்டை, உள்ளே இன்னொரு பட்டை. பாரம் விழுந்தால் இரண்டும் சேர்ந்து கம்பத்தை இறுக்கிக் கவ்வும். ஏறும்போதும் இறங்கும்போதும்கூட கம்பத்தோடு இணைந்தே இருக்க வேண்டும் என்று 2015 ஏப்ரல் 1 முதல் அங்கே மின்துறை வேலைகளுக்கு விதியாகிவிட்டது. முடியாது, அல்லது அதனால் ஆபத்து கூடும் என்று நிறுவனம் காட்டினால்தான் விலக்கு. அதுவரை அனுபவமுள்ள லைன்மேன் வெறும் கையோடு ஏறி, மேலே போய்க் கயிறு மாட்டுவது வழக்கமாக இருந்தது.

நம் சிமென்ட் கம்பங்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவை அடியில் அகலமாகவும் நுனியில் ஒடுக்கமாகவும் இருப்பவை. கீழே நின்று அளவாக இறுக்கிய கயிறு மேலே போகப் போகத் தானாகத் தளரும். ஏறி நின்ற இடத்தில் மறுபடி இழுத்து இறுக்கவில்லை என்றால் நீங்கள் நினைக்கும் அளவுக்குக் கயிறு உங்களைப் பிடித்திருக்காது. முடிந்தவரை கயிற்றைக் கிராஸ் ஆர்முக்கு மேலே சுற்றிக்கொள்வது நல்லது. அப்போது சறுக்கினாலும் அது தாண்டி வராது. ஆனால் அந்தக் கிராஸ் ஆர்ம் துருப்பிடித்து ஒரே ஒரு போல்ட்டில் தொங்கிக்கொண்டிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மாற்றப்போவதே அந்தக் கிராஸ் ஆர்ம்தான் என்றால் கயிற்றுக்கு வேறு இடம் தேட வேண்டியதுதான்.

கிராஸ் ஆர்மைத் தாண்டி மேலே போக ஒரு முறை கயிற்றைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அந்தச் சில விநாடிகள்தான் ஆபத்து. இரண்டு கயிறு வைத்திருப்பவர்கள் புதியதைத் தடைக்கு மேலே சுற்றி மாட்டி, இழுத்துச் சோதித்துவிட்டுத்தான் பழையதைக் கழற்றுவார்கள்.

அப்படியானால் விழுந்தால் யார் பிடிப்பது?

இரண்டாவது ஏற்பாடு. மார்பு அல்லது முதுகு ரிங்கிலிருந்து, பொசிஷனிங் கயிற்றோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல், தனியாக ஒரு பிடிமானத்துக்குப் போகும் இணைப்பு. மேலிருந்து தொங்கும் லைஃப்லைன் என்ற பாதுகாப்புக் கயிற்றில் ஓடி, திடீரென்று இழுத்தால் கவ்விக்கொள்ளும் கருவி ஒரு வகை. காரின் சீட் பெல்ட் மாதிரி தானாகச் சுருண்டு, சட்டென்று இழுத்தால் பூட்டிக்கொள்ளும் பெட்டி இன்னொரு வகை. டவர்களில் அதிகம் பார்ப்பது இரட்டைக் கொக்கிக் கயிறு, நம் சைட்களில் டபுள் லேன்யார்டு என்பார்கள். ஒரு கொக்கி எப்போதும் மாட்டியிருக்க, மற்றதை மேலே நகர்த்திக்கொண்டே ஏறுவது.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஷாக் அப்சார்பர் வேலை செய்யக் கீழே இடம் வேண்டும். கயிறு 2 மீட்டர், அப்சார்பர் முழுக்கப் பிரிந்தால் 1.75 மீட்டர், முதுகு ரிங்கிலிருந்து பாதம்வரை சுமார் ஒன்றரை மீட்டர், ஹார்னஸ் இழுபடுவதற்கும் பத்திரத்துக்கும் ஒரு மீட்டர். மொத்தம் 6.25 மீட்டர். மாட்டிய இடத்துக்குக் கீழே இவ்வளவு வெற்றிடம் இருந்தால்தான், மோசமான நிலையிலும், பாதம் தரையைத் தொடுவதற்குமுன் நிற்போம். இப்போது நம் தெருக் கம்பத்தைப் பாருங்கள். 8 மீட்டர் கம்பம் என்றால் ஒன்றரை மீட்டர் மண்ணுக்குள் போய்விடும், மேலே தெரிவது ஆறரை. நீங்கள் மாட்டும் இடம் ஐந்தரை, ஆறு மீட்டரில் இருக்கும். கணக்கு இடிக்கிறது. தலைக்கு மேலே மாட்டினால் விழும் தூரம் குறையும், அப்சார்பரும் முழுதாகப் பிரியாது, அப்போது தப்பிக்கலாம். காலடியில் மாட்டினால் அப்சார்பர் பாதி பிரியும்போதே தரை வந்துவிடும்.

ஆகவே உயரம் குறைவான கம்பங்களில், விழுந்தபின் பிடிப்பதைவிட விழவே விடாமல் வைத்திருப்பதுதான் பெரிய பாதுகாப்பு. 50 மீட்டர் டவரில் இரண்டாவது கயிறு உங்களைக் காப்பாற்றப் போதுமான இடம் இருக்கிறது. தெருமுனைக் கம்பத்தில் அது இல்லை. ‘சின்னக் கம்பம்தானே’ என்ற பேச்சு எவ்வளவு தலைகீழானது என்று இதிலிருந்தே தெரியும்.

மின்கம்பத்தைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லாமல் விட முடியாது. எந்தக் கயிறும் ஷாக்கிலிருந்து காப்பாற்றாது. லைன் கிளியர், அதாவது மின்சாரத்தை நிறுத்திவிட்டு வேலை செய்யலாம் என்ற அனுமதி, வாங்கி, மின்சாரம் இல்லை என்று சோதித்து, எர்த் செய்தபிறகுதான் கயிற்றைப் பற்றிய பேச்சே. அப்படியும் மேலே ஒருவர் மயங்கிவிட்டால், பொசிஷனிங் கயிறு அவரைக் கம்பத்திலேயே தொங்க வைத்திருக்கும். விழாமல் இருப்பது நல்லதுதான். ஆனால் ஹார்னஸில் அசையாமல் தொங்குவதே உயிருக்கு ஆபத்தாகலாம். கால்களில் தேங்கும் ரத்தம் திரும்பி வராமல் போகும். அவரை எப்படி இறக்குவது, யார் ஏறுவது, எந்தக் கயிற்றால் என்பதெல்லாம் அவர் ஏறுவதற்கு முன்பே கீழே இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தீயணைப்பு வண்டிக்கு போன் போடுவது ஒரு திட்டம் அல்ல.

‘டிக்’ சத்தத்தை நம்ப வேண்டாம்

பக்கவாட்டு ரிங் இடுப்பின் எலும்புக்குச் சற்றுப் பின்னால் இருக்கும். கையுறை போட்ட கை, தொங்கும் கருவிப் பை, சட்டை மடிப்பு, இவற்றுக்கு நடுவே தடவித்தான் கொக்கியை மாட்டுகிறோம். ‘டிக்’ என்று சத்தம் கேட்டதும் மாட்டிவிட்டது என்று சாய்கிறோம். கொக்கியின் வாய் எதில் மூடினாலும் அதே சத்தம்தான் கேட்கும். கருவி மாட்டும் துணி வளையத்தில் மூடியிருக்கலாம். ஏற்கெனவே அங்கே மாட்டியிருக்கும் இன்னொரு கொக்கியின் மேல் மூடியிருக்கலாம். வாய் பாதி மூடி ரிங்கின் விளிம்பில் நிற்கலாம். கருவி வளையம் சில கிலோ தாங்கத் தைத்தது, ஆளைத் தாங்காது. எனவே மாட்டியபின் தலையைத் திருப்பிக் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்தபின் கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டே மெதுவாகப் பாரத்தைக் கயிற்றுக்குக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கையை விடுவது.

ஏறும்போது கயிற்றின் இரண்டு நுனியையும் ஒரே பக்க ரிங்கில் மாட்டி வைத்துக்கொள்வது வழக்கம். தொந்தரவு இல்லாமல் தொங்கும். மேலே போனதும் அவசரத்தில் இடுப்பில் கயிறு மாட்டியிருப்பது கையில் தட்டுப்படும், மாட்டித்தான் இருக்கிறோம் என்று மூளை சொல்லிவிடும். கம்பத்தைச் சுற்றவே இல்லை!

கொக்கி, காரபைனர் (வாய்ப்பூட்டுள்ள உலோக வளையம்) எதுவானாலும் நீளவாக்கில்தான் பலம். உடலில் அச்சடித்திருக்கும் எண்களைப் பாருங்கள். நீளவாக்கில் இருபது கிலோநியூட்டனுக்கு மேல் போட்டிருந்தால் குறுக்குவாக்கில் ஏழு, எட்டு என்றுதான் இருக்கும். காரபைனர் புரண்டு குறுக்காக நின்றுவிட்டாலோ, அதன் வாய்ப்பூட்டு இரும்பில் இடித்தாலோ பலம் மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. தானாகப் பூட்டிக்கொள்ளும், இரண்டு தனி அசைவு கொடுத்தால் மட்டுமே திறக்கும் வகையைத் தவிர வேறெதையும் உயரத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

டவரில், மரத்தில், கூரையில்

மொபைல் டவரில் கயிற்றை டவர் காலின் பிரதான இரும்பைச் சுற்றிப் போடுவார்கள், குறுக்குச் சட்டம் வந்து சேரும் இணைப்புக்கு மேலாக. அங்கே சறுக்க இடமில்லை. கேபிள் செல்லும் தட்டு, ஆன்டெனாவைத் தாங்கும் மெல்லிய குழாய் இவற்றைச் சுற்றுவது கைக்கு எளிது. அவை ஆள் பாரத்துக்காக வைத்தவை அல்ல.

மரம் வெட்டுகிறவர்களின் கயிற்றுக்குள் சில சமயம் எஃகுக் கம்பி ஓடும். செயின்சா பட்டாலும் உடனே அறாமல் இருக்க. மரத்தின்மேல் செயின்சா ஓட்டும்போது இரண்டு தனித்தனி இணைப்புகள் இருக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் உறுதியான விதி. ஒன்றை வாள் அறுத்துவிட்டாலும் மற்றது இருக்கும். ஆனால் அதே எஃகுக் கம்பிக் கயிறு மின்வேலைக்கு ஆகவே ஆகாது. காரணம் சொல்லத் தேவையில்லை.

சரிவான கூரையில் சுற்றுவதற்கு எதுவும் இருக்காது. அங்கே கயிற்றின் ஒரு நுனியை மேலே ஓர் உறுதியான பிடிமானத்தில் மாட்டி, சரிசெய்யும் பிடியை வயிற்றுக்கு முன்னால் உள்ள ரிங்கில் மாட்டிக்கொள்வார்கள். கயிறு இறுக்கமாக, பிடிமானம் எப்போதும் ஆளுக்கு மேலே. இரண்டாவது இணைப்பு இங்கேயும் வேண்டும்.

தினமும் பார்க்க வேண்டியவை

கயிற்றைக் கையில் விட்டு முழு நீளமும் உருவிப் பார்க்க வேண்டும். கண் தவறவிடுவதை விரல் கண்டுபிடிக்கும்: உள்ளே ஒரு இடம் மட்டும் மெத்தென்று இருக்கிறதா, கட்டியாக இருக்கிறதா, உறை நூல் பஞ்சு பஞ்சாகக் கிளம்பியிருக்கிறதா, உருகிப் பளபளவென்று கெட்டியாகியிருக்கிறதா. தையலில் ஒரு வரிசை பிரிந்திருந்தாலும் ஒதுக்கிவிட வேண்டியதுதான். தையல் நூல் பட்டையின் நிறத்திலிருந்து வேறாக இருப்பது அழகுக்காக அல்ல, பிரிந்தால் உடனே தெரிவதற்காக. சரிசெய்யும் பிடியில் மண்ணும் எண்ணெயும் சேர்ந்தால் பல் வழுக்கும். கயிற்றின் கடைசி நுனியில் தடுப்புத் தையல் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் நீட்டிக்கொண்டே போகும்போது கயிறு பிடியிலிருந்து முழுதாக வெளியே வந்துவிடும்.

கயிறு எதனால் ஆனது என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. நைலானுக்கு அமிலம் எதிரி. டவர் அடியில் பேட்டரி வைத்திருக்கும் அறையில் கயிற்றைச் சுருட்டிப் போடக்கூடாது. பாலியெஸ்டருக்குக் காரம் ஆகாது. ஈரச் சிமென்ட் காரம். வெயில் இரண்டுக்கும் ஆகாது. நனைந்தால் நிழலில் காயவைக்க வேண்டும். யாருடைய கயிறு என்று அடையாளம் வைக்கப் பெயின்ட் அடிப்பதும் வேண்டாம், அதிலுள்ள கரைப்பான் நூலை அரிக்கும். நீளம் அதிகம் என்று முடிச்சுப் போட்டுக் குறைப்பதும் அப்படித்தான். முடிச்சில் கயிறு கூர்மையாக மடிவதால் பலம் கணிசமாகக் குறைந்துவிடும். நீளத்தைக் குறைக்கத்தானே பிடி இருக்கிறது.

இது தவிர, பயிற்சி பெற்ற ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது முழுமையாகச் சோதித்துப் பதிவு செய்ய வேண்டும். ஒரு பெரிய விழுதலைத் தாங்கிய கயிறு பார்க்கப் புதிது போலவே இருந்தாலும் மறுபடி உபயோகத்துக்கு இல்லை. வெட்டித் துண்டாக்கிவிடுங்கள். முழுசாகக் குப்பையில் போட்டால் யாராவது எடுத்துப்போய் இன்னொரு சைட்டில் மாட்டிக்கொள்வார்கள்.

வாங்கும்போது லேபிளில் தரக்குறி பார்க்க வேண்டும். நம் நாட்டில் பெல்ட்டுக்கும் ஹார்னஸுக்கும் ஐ.எஸ். 3521, ஐரோப்பியப் பொருளானால் கயிற்றுக்கு இ.என். 358. லேபிள் கிழிந்து, எந்த ஆண்டு செய்தது என்றே தெரியாத கயிற்றை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஹார்னஸ் வாங்கிக் கொடுப்பதும் பிடிமானம் ஏற்படுத்துவதும் வேலைக்காரர் பாடு இல்லை, முதலாளி பாடு. உயரத்திலிருந்து விழ வாய்ப்புள்ள இடத்தில் வேலை செய்பவருக்கு, நடைமுறையில் இயன்றவரை, வேலி வைத்தோ வேறு வழியிலோ பாதுகாப்பு ஏற்படுத்த வேண்டும் என்று, 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 32ஆம் பிரிவிலேயே சொல்லியிருந்தது.

புதிதாகப் பழகுகிறவர்கள் முதலில் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் நின்று பழக வேண்டும். கயிற்றைச் சுற்றி, மாட்டி, திரும்பிப் பார்த்து, மெதுவாகச் சாய்ந்து, நீட்டி, சுருக்கி, கழற்றி, மறுபடி முதலிலிருந்து. பின்னால் சாய்வதற்கு உடம்பு முதலில் மறுக்கும். முழங்கால் மடங்கி, கை தானாகக் கம்பத்துக்குப் போகும். காலை அகட்டி வைத்து, முழங்காலை நேராக்கி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளினால் கயிறு சீராக இறுகுவது தெரியும். மேலே போட்டிருக்கப்போகும் அதே கையுறை, அதே கருவிப் பையோடு பழகுவது முக்கியம். வெறுங்கையால் ஒரு நொடியில் திறக்கும் பூட்டு, தடித்த கையுறைக்குள் இருக்கும் விரலுக்கு வேறு சாமானாகவே தெரியும்.